அம்மா கண்டுபிடித்த நோய்

எங்கள் ஊரில் எனக்கு மனநோய் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது வருவதற்குப் பதினோரு வருடம் முன்னாலிருந்தே அவர்களுக்குத் தெரியும். இது எப்படி என்று சொல்ல என் அம்மாவிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டுபிடித்தவள் அவள்.

ஊர் என்றால் பாலக்காடு மாவட்டத்தில் நல்லேப்பிள்ளி பக்கம். நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற குடும்பம். கேரளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கோயமுத்தூர்த் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள். அரசாங்கம் எங்களை மொழிச் சிறுபான்மையினர் என்கிறது. அதற்குக் காகிதம் உண்டு, முத்திரை உண்டு, அந்த வகையில்தான் எனக்குத் தமிழ் மீடியம் பள்ளியில் வாத்தியார் வேலையும் கிடைத்தது. நான் இன்னொரு வகையிலும் சிறுபான்மை. அதற்குக் காகிதம் தருகிற வில்லேஜ் ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. எனக்குப் பெண்கள்மேல் ஆசை வந்ததில்லை, ஆண்கள்மேல் வந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பத்தோரு வயதாகிவிட்டது.

வேலை இடுக்கியில், உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில். வீட்டிலிருந்து அங்கே போக, கேரளத்தை விட்டு வெளியேறி, பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றி, மறுபடி மலையேறிக் கேரளத்துக்குள்ளேயே நுழைய வேண்டும். அவ்வளவு தூரத்தில் வேலை கிடைத்ததற்கு அம்மா அழுதாள். நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

அங்கே சக்குபள்ளத்துக்காரன் ஒருவனோடு பழக்கமானது. ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற இடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அப்படி ஒரு ஸ்டோரில் அவன் மேற்பார்வை பார்த்தான். இருவரும் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். வெளியே ரூம்மேட் என்று பெயர். காதல் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அந்த வீட்டில் நாங்கள் அதிகம் பேசியது மாவு புளித்துவிட்டதா, கேஸ் தீர்ந்துவிட்டதா என்பதைப் பற்றித்தான். அந்தச் சந்தோஷத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இருபத்தொன்பது வயதில் ஒரு பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார், அதனால் வீட்டில் எந்த முடிவும் அம்மாவின் அண்ணன், என் மாமா, இல்லாமல் நடக்காது. அன்று மாமாவுக்குப் போன் போடச் சொல்லி என் போனை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் எதையோ தொட்டுப் போட்டோக்களுக்குள் போய்விட்டாள். ஒரு போட்டோவில் அவன் அடுப்பங்கரையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். நான் பின்னாலிருந்து அவன் தோளில் முகவாயை வைத்திருந்தேன். அதற்கு இரண்டாவது விளக்கம் கிடையாது. அம்மா பார்த்தாள், போனைத் திருப்பித் தந்தாள், "மாமன் எடுக்கலை" என்றாள். அவ்வளவுதான்.

மாமா போனை எடுக்காததற்குக் காரணம், அவர் என் ஜாதகத்தோடு கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தார். பெண்ணும் டீச்சர். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது.

எங்கள் வகையறாவில் கல்யாணம் முடிவு செய்வதற்குமுன் குலதெய்வத்திடம் பூவாக்குக் கேட்பது வழக்கம். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் அம்மன் முன்னால் போட்டுவிட்டு பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை. மாமா சொன்னவுடன் அம்மா சரி என்றாள். எனக்குக் கோபமான கோபம். போட்டோவைப் பார்த்த பிறகும் எப்படிச் சரி என்கிறாள்?

நாலு பேர் ஜீப்பில் தாராபுரம் பக்கம் இருக்கும் எங்கள் கோவிலுக்குப் போனோம். வழி முழுக்க அம்மா வாயைத் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணன் பேச்சை அவளால் மறுக்க முடியாது. அம்மனால் முடியும். சிவப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

வெள்ளை வந்தது.

மாமா கைகூப்பிச் சிரித்தார். அம்மா அம்மனை ஒரு பார்வை பார்த்தாள். சம்பந்தக்காரர்களிடம்கூட அப்படி ஒரு முறைப்பை நான் பார்த்ததில்லை. பிறகு திரும்பி, "ஏனுங்கண்ணா, பையனுக்கு உடம்பு செரியில்லீங்க" என்றாள்.

"என்ன பண்ணுது?"

"மனசுங்க. டிப்ரசன்."

அந்த வார்த்தையை அவள் எந்த டிவி நிகழ்ச்சியில் பிடித்தாளோ. நான் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக நோய் வாய்த்தவனாக நின்றேன். "ஆருகிட்டயும் சொல்லாதே. பாத்துக்கலாம்" என்றார் மாமா. அவரே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, நாங்கள் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பால் சொசைட்டியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா அந்த நோயைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. அதைப் பின்னால் ஒருநாள் எனக்கே விளக்கினாள். "சக்கரைன்னு சொன்னா, ஆருக்குத்தான் இல்லைன்னு கட்டி வெச்சுப்போடுவாங்க. நெஞ்சு வலின்னா ஸ்கேன் எடுக்கோணும்பாங்க. இது ஸ்கேன்ல தெரியாது." எனக்கு ஏன் கல்யாணம் வேண்டாம் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மகனுக்குப் புத்தி சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லத் துணிந்தவளுக்கு, மகன் இப்படிப்பட்டவன் என்று ஒரே ஒரு ஆளிடம், என்னிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு நன்றியும் இருந்தது, அவமானமும் இருந்தது. எது அதிகம் என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

நோய் என்று சொன்னால் போதாது, அதற்குச் சாட்சி வேண்டும். அம்மா என்னைக் கோயமுத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஊர்க்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று அவ்வளவு தூரம் போனால், அங்கே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எங்கள் ஊர். ஆளாளுக்கு வேறு யாருக்கோ துணைக்கு வந்ததாகச் சொன்னார்கள். உள்ளே அம்மாவே பேசினாள். தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். டாக்டர் நல்ல மனிதர். சொன்னதை எழுதினார், எழுதியதற்கு மாத்திரை கொடுத்தார். அம்மா மாத்திரைகளை வீட்டுப் பின்னால் தென்னைமரத்துக் குழியில் போட்டாள். அந்த மரம் அதற்குப் பிறகு எதற்கும் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை.

நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை போவோம். போகும்போதெல்லாம் அம்மா, "மருந்து கேக்கலீங்க" என்பாள். கேட்கிறது என்று சொன்னால் ஆபத்து, மாமா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். டாக்டரும் மாத்திரையை மாற்றினார், அளவைக் கூட்டினார். ஃபைல் பெருத்துக்கொண்டே போனது. நான் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, கொஞ்சம் தொந்தியும் போட்டேன். மாத்திரை செய்கிற வேலை என்று சொந்தக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள்.

சொந்தத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் என்னை ஃபேனுக்கு அடியில் உட்காரவைப்பார்கள், பிறகு ஒரு கண் என்மேலேயே வைத்திருப்பார்கள். என் மடியில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஞாபகம் வந்ததும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். வல்லாரை சாப்பிடச் சொன்னார்கள், விடிகாலையில் நடக்கச் சொன்னார்கள். "எதையும் மனசுல வெச்சுக்காத" என்று சொல்லாத ஆளில்லை. மனதில் இருந்ததை வெளியே எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. லீவு முடிந்து பொள்ளாச்சியில் பழனி பஸ் ஏறியதும் எனக்குக் குணமாகிவிடும். மலையில் நான் வகுப்பில் சத்தம்போட்டுப் பாட்டுச் சொல்லித்தருகிற, அரட்டைப் பேர்வழியான சார்.

ஒருமுறை அங்கே ஆசிரியர்களுக்கு மனநலப் பயிற்சி வகுப்பு நடந்தது. மலையாளத்தில் பேசியவர், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட யார் யாருக்கு அதிகம் வருகிறது என்று ஒரு பட்டியல் காட்டினார். அதில் ஒரு வரி, பாலினத்தாலும் பாலீர்ப்பாலும் சிறுபான்மையாக இருப்பவர்கள். தமிழ் மீடியம் ஆசிரியர்களுக்கு அதைத் தமிழில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் மகா தைரியசாலி என்பதால் "சிறுபான்மையினர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த டீச்சர் எழுந்துவிட்டார். "பின்ன இருக்காதா சார்? இத்தன மாசமாகியும் தமிழ்ப் புத்தகம் வந்து சேரல. மனசு கெடாம என்ன செய்யும்?" எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பட்டியலில் இருப்பது நான்தான் என்று தெரிந்தும், அது எனக்கில்லை என்றே நினைத்தேன். என் நோய் பொய் நோய் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

போன வருடம் மாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது.

அவனுடைய அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். பெண் கம்பத்துப் பக்கம். "எங்கம்மாவுக்கு ஒங்கம்மா மாதிரி பொய் சொல்ல வராதுய்யா" என்றான். "நீ உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன். "நீ சொன்னியா?" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போடவில்லை, போடுவதற்கு ஒன்றுமில்லை. அவன் ஊரில் எங்கள் அம்மாவுக்கும் பத்திரிகை அனுப்பினான். நான் கல்யாணத்துக்குப் போனேன், பந்தியில் பாயசம் விட்டேன், எல்லோரும் என்னை நல்ல சிநேகிதன் என்று பாராட்டினார்கள். மலையில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தபோது குக்கர் மட்டும் இருந்தது. அது அவனுடையது, விட்டுப் போயிருந்தான்.

வீட்டில் ஒரு ஆள் இறந்துபோனால் நாலு பேர் வந்து உட்காருவார்கள், விவாகரத்து என்றாலும் வந்து உட்காருவார்கள். ரூம்மேட் காலி செய்தால் யாரும் வருவதில்லை. "இனிமே சமையலுக்கு என்ன பண்ணுவீங்க சார்?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

பிறகு வந்தது. தூக்கம் போனது. சோறு தொண்டையில் நின்றது. கரும்பலகையில் பாதி வரி எழுதிவிட்டு மீதி என்னவென்று தெரியாமல் நிற்பேன், பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பார்கள். காலையில் எழுந்து பல் விளக்குவதற்கே அரை நாள் தெம்பு வேண்டியிருந்தது. அம்மா பதினோரு வருடமாக டாக்டரிடம் ஒப்பித்தது ஒவ்வொன்றாக எனக்கு நடந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது உட்பட.

கோடை லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். மாமா வந்து பார்த்து, "மாத்திரைய உட்டுட்டயா மாப்ள?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். "முடியலம்மா. இருக்கறதே பாரமா இருக்குது."

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "இங்க ஆருமில்ல கண்ணு. மாமன் போயி ஒரு மணி நேரமாச்சு."

"நடிக்கலம்மா."

"நாஞ் சொன்ன பொய்ய நீயே நம்பிட்டயாக்கும்?" என்று சிரித்தாள். "ரசம் சுடச்சுட இருக்குது, சாப்புடு சாமி."

யாரிடமும் சொல்வதற்கில்லை. ஊருக்கு நான் எப்போதும் இப்படி. அம்மாவுக்கு நான் எப்போதும் நன்றாக இருப்பவன். அவனிடம் சொல்லலாம், அவன் புதுப் பெண்டாட்டியோடு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். நான் சம்பாதித்துவைத்த நோயைப் பொய்யாகவே செலவழித்து முடித்துவிட்டேன், நிஜமாக வந்தபோது கையில் ஒன்றுமில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு காலைப்பொழுதில், தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். என்ன எண்ணத்தோடு என்று எழுத வேண்டியதில்லை. தண்ணி ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்த அம்மா கதவைத் தட்டினாள், பிறகு இடித்தாள், பிறகு என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ரூமுக்குள் பார்த்தாள். அப்போதும் அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து வரப்பு வழியாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவ்வளவு இறுக்கமாக அவள் என்னைப் பிடித்தது, நான் நடை பழகிய காலத்துக்குப் பிறகு இல்லை.

மாமா செய்தி கேட்டு ஓடிவந்து, கோவிலுக்குப் போய்ப் பூக்கேட்கலாம் என்றார். "அவ ஆமாம்பா, இல்லீம்பா. எப்பிடிப் பொழைக்க வெக்கறதுன்னு சொல்ல மாட்டா" என்றாள் அம்மா. கோயமுத்தூர் போகிற வரைக்கும்கூட அவளுக்குப் பொறுமையில்லை. மறுநாள் பக்கத்துத் தாலுக்கா ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை நடக்கிற மனநல ஓ.பி. இருந்தது. ஃபைலை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு என்னை அங்கே கூட்டிப்போனாள்.

டாக்டர் சின்ன வயசு மலையாளப் பெண். பாலக்காட்டு ஆள், ஓரளவு தமிழ் பேசினார். ஃபைலைப் பொறுமையாகப் புரட்டினார், புரட்டப் புரட்ட முகம் மாறியது. "இத்ரயும் மருந்து சாப்பிட்டிட்டும் குறையலியா?" என்றார். பிறகு, இத்தனை மருந்துக்கும் பிடிகொடுக்காத நோய் என்றால் இனி பெரிய மருந்துதான், ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும், கரண்ட் சிகிச்சையும் யோசிக்க வேண்டும் என்று மெதுவாக விளக்கினார். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஃபைலைப் படித்தவர் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா, அத மூடி வெச்சுருங்க" என்றாள் அம்மா.

டாக்டர் நிமிர்ந்தார்.

"அதுல இருக்கறது பூராவும் பொய்யிங்க. இவன் ஒரு மாத்திர முழுங்குனதில்லீங்க. நாந்தான் அப்பிடிச் சொல்லி எழுத வெச்சேன்."

"எதுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "கல்யாணம் பண்ணி வெச்சுருவாங்கன்னுதானுங்க. இவனுக்குப் பொண்ணு ஆகாதுங்க. ஒரு பையங்கூட இருந்தான், பத்துப் பன்னண்டு வருசம். நல்ல பையன், பத்திரிகை எல்லாம் அனுப்பிச்சான். மாசில அந்தப் பையனுக்குக் கல்யாணமாயிருச்சுங்க. அன்னீலருந்துதான் இவன் இப்பிடி."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மாசம் உட்பட. நான் அங்கேயே, கதவுக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு, வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். "அம்மா, இவர் அப்படி இருக்கிறது அசுகம் இல்ல. அதுக்கு மருந்து வேண்டாம். இப்போ வந்திருக்கிறதுதான் அசுகம். அது மாறும்."

அம்மா அதை யோசித்தாள். "அது நோயில்லீன்னா, இவன் எதுக்குங்க சாகப் போனான்?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சொல்றதுக்கு ஆளில்லாமத்தான்ம்மா" என்றேன்.

"நா இருந்தனே கண்ணு."

"உங்கிட்டச் சொன்னேன். நீ சிரிச்ச."

அதைச் சொன்னதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன், சொல்லாமல் விட்டிருந்தாலும் பட்டிருப்பேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். டாக்டர் எங்கள் இருவரையும் அவசரப்படுத்தவில்லை. வெளியே நீண்ட வரிசை இருந்தது.

மாத்திரையை இந்த முறை நான் முழுங்கினேன். அம்மா எதிரில் நின்று, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நகர்வாள். டாக்டரிடம் மாதாமாதம் பேசவும் போனேன். மூன்றாவது மாதம் தூக்கம் வந்தது, நாலாவது மாதம் பசி வந்தது. சந்தோஷம் இன்னும் வரவில்லை, அதற்குக் கொஞ்சம் நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆவணியில் மாமா வந்தார். "மாப்ள மொகத்துல தெளிச்சி வந்துருச்சே. தேவலையா?" என்று, வழக்கம்போல அம்மாவிடம், கேட்டார்.

"நல்லாயிட்டானுங்கண்ணா."

பதினோரு வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லத் துணியாத வாக்கியம் அது. மாமா அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், சொன்னார். "அப்பறமென்ன, வயசு கொஞ்சம் முந்தின பொண்ணு ஒண்ணு சித்தூருல இருக்குது..."

"கல்யாணம் வேண்டாமுங்கண்ணா."

மாமா முழித்தார். "நல்லாயிட்டாங்கற. பொறகெதுக்கு வேண்டாங்கற?"

அம்மா நினைத்திருந்தால் அந்த நிமிடத்திலேயே எனக்கு இன்னொரு வியாதியைக் கொடுத்திருப்பாள், அதில் அவள் தேர்ந்தவள். ஆனால், "அவனையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள், உள்ளே போகவில்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். இந்த விஷயத்தில் என்னிடம் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "என்ன மாப்ள, வேண்டாமா?" என்று தயங்கித்தான் கேட்டார். இத்தனை வருடத்தில் சொந்தத்தில் ஒருவர் என் கல்யாணத்தைப் பற்றி என்னிடமே கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாமுங்க மாமா. எனக்குப் பொண்ணு வேண்டாமுங்க" என்றேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாகவே வந்துவிட்டது.